மலைக்குக் கீழே நிற்கிறவர்

என் வீட்டுக்காரர் கொழும்பில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போனபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருமே பயப்படவில்லை. நானும்தான். உயரத்தில் வேலை என்றார்கள். டிக்கோயா மலையில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு உயரம் ஒரு பொருட்டா? அங்கே சூப்பர்வைசரும் மலைநாட்டு ஆட்களைத்தான் மேல்தட்டுக்கு ஏற்றுவாராம். இவருக்கு அதில் பெருமை வேறு. லீவில் வந்தால், கப்பல் உச்சியில் நின்று எடுத்த போட்டோவை லயம் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிப்பார்.

போன மழைக்காலத்தில் சாரக்கட்டுப் பலகையில் வழுக்கி விழுந்தார். கப்பலை நிறுத்தித் தண்ணீரை இறைத்துவிட்ட பெரிய தொட்டியின் சீமெந்துத் தரையில். இடுப்பில் கம்பி வைத்து, ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினார்கள். பிழைத்து வந்ததே போதும் என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். ஆனால் வந்தவர் பழைய ஆள் இல்லை.

வாசல் ஓரத்துக்கே வரமாட்டார். பள்ளம் தெரிந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நான் கொழுந்து பறிக்கப் போனால் ஊன்றுகோலோடு பின்னாலேயே வந்து, நாங்கள் பறிக்கும் தேயிலை நிரைக்கு நேர் கீழே ரோட்டில் நின்றுகொள்வார். நான் கால் மாற்றி வைக்கும்போதெல்லாம் "பாத்து, பாத்து" என்று குரல் வரும்.

கூடப் பறிக்கிற பெண்கள் சும்மா விடுவார்களா?

"விழுந்தா புடிக்கிறதுக்கு ஒங்க வீட்டுக்காரரு கீழ கூடைய வச்சிக்கிட்டு நிக்கிறாரு போல," என்றாள் ஒருத்தி. கங்காணியும் சிரித்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று.

அன்று மழை பிடித்துக்கொண்டது. கீழே பார்த்தால், தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் நனைந்துகொண்டு நிற்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடையோடு ரோட்டுக்கு இறங்கினேன்.

"என்னங்க நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? சின்ன வயசுலேருந்து இந்த மலையில ஏறி எறங்குறேன். என்னைக்காவது விழுந்திருக்கேனா?"

அவர் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. என்னைப் பார்க்காமல், நான் இறங்கி வந்த வழியையே பார்த்தார்.

"விழுந்த அன்னைக்கி சேஃப்டி பெல்ட்டு இடுப்புலதான் இருந்திச்சி. பக்கத்துல நின்ன சிங்கள ஆளு அதோட கொக்கிய கம்பியில மாட்டச் சொன்னாரு. அவருகிட்ட நானும் இதேதான் கேட்டேன்," என்றார். "மலையில பொறந்தவன், என்னைக்காவது விழுந்திருக்கேனான்னு."

அதுவரை அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் எல்லோரும் அந்தப் பலகையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

என் தலைத்துணியை அவிழ்த்து அவர் தலையில் போட்டுவிட்டு மறுபடி ஏறினேன். ஏறாமல் இருக்க முடியாது, வேலை நேரம். இத்தனை வருடம் எங்கே வைக்கிறேன் என்று பார்க்காமலே வைத்த கால், அன்று ஒவ்வோர் அடிக்கும் தரையைத் தேடியது. எனக்குப் பயமாக இருந்தது. பாதி ஏறியதும், அவர் கீழே நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.