அந்தியூரில் ஒரு கை மூன்று, ஒரு கை இரண்டு

எனக்குக் கண் மங்கிவிட்டது என்று சிலர் பேசிவருகிறார்கள். மங்கவில்லை. கோயமுத்தூர் ஸ்டேஷன் கடிகாரத்தின் நிமிஷ முள்ளை மூக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். அந்தப் பேச்சு கிளம்பிய விதத்தைச் சொல்லிவிட்டு, இந்த ஆடியில் அந்தியூர் போய்வந்ததை எழுதுகிறேன். அடுத்த ஆடிக்குப் போக நினைப்பவர்களுக்கு நேரமும் கட்டணமும் உதவும்.

சென்ற ஆண்டு இதே பத்திரிகையில் அந்தியூர் குதிரைச் சந்தையைப் பற்றி எழுதியபோது, கயிற்றில் கட்டிய துணிப்பந்துகளைக் கைக்கு ஒன்றாகச் சுற்றும் ஒரு பெண்ணைக் குறிப்பிட்டிருந்தேன். வலது கை மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் இடது கை சரியாக இரண்டு முடிக்கிறது என்று எழுதினேன். சேலத்திலிருந்து, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் மறுத்து எழுதினார். ஒன்றுக்கு இரண்டு சுற்றலாம், இரண்டுக்கு மூன்று மனிதக் கையால் ஆகாது, அம்மையாரின் முதிய கண் ஏமாந்திருக்கும் என்பது அவர் கட்சி.

என் கணவர் காலமான பிறகு வீட்டு நிர்வாகம் பார்ப்பவர் அவருடைய தம்பி. அவர் அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு வேளையில் அறிவித்தார்: "இனி நங்கையாவத் தனியா ரயிலேத்தறதில்லீங்க." அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். பதினோரு ஆண்டுகளாகத் தனியாகவே பயணம் செய்கிறேன்; யாரும் என்னை ஏற்றிவிட்டதில்லை. "நீங்களே வந்து எண்ணிப் பாருங்க. மூணுக்கு ரெண்டு இல்லைன்னா நான் வீட்டிலேயே இருந்துக்கறேன்" என்றேன். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

காலை 6.10க்குக் கோயமுத்தூரில் புறப்பட்ட ரயில் 9.05க்கு ஈரோடு சேர்ந்தது. அறுபத்திரண்டு மைல், மூன்றாம் வகுப்பு, தலைக்குப் பதினைந்தணா. கொழுந்தனார் இரண்டாம் வகுப்புக் கேட்டார். இரண்டு ஜன்னலிலும் ஒரே புழுதிதான் என்று மறுத்துவிட்டேன். ஈரோட்டிலிருந்து அந்தியூருக்குப் பவானி வழியாகப் பஸ், இருபது மைல், ஏழணா. ஒன்பதரைக்கு என்று பலகையில் எழுதியிருந்த பஸ் 10.20க்குக் கிளம்பியது. டிரைவருக்குப் பக்கத்து இடத்தைப் பெண்கள் கேட்டால் கொடுப்பார்கள், கேட்க வேண்டும்.

"ஏனுங்கம்மா, குதிரை வாங்கவா போறீங்க?" என்றார் டிரைவர்.

"இல்லை, எண்ணப் போறேன்."

"குதிரையைங்களா?"

"கைய."

அவர் ஸ்டீரிங்கில் இருந்த தம் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

பந்து சுற்றும் பெண்ணின் பெயர் நஞ்சம்மாள், நாற்பது வயதிருக்கும். குதிரைகளை ஓடவிட்டுக் காட்டும் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், புளியமரத்தடியில் இருந்தாள். ஒரு பந்து சிவப்பு, ஒன்று மஞ்சள். நான் வந்த காரியத்தைச் சொல்லி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றச் சொன்னேன். மூன்றாவது சுற்றில் கயிறுகள் பின்னிக்கொண்டன. மஞ்சள் பந்து அவள் மூக்கிலேயே அடித்தது.

"ஏனுங்கம்மா, நீங்க எண்ணுங்க, நான் சுத்தறேன். ரெண்டையும் ஒருத்தி தலையில போட்டா எப்படீங்க?" என்றாள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

நியாயம். கொழுந்தனார் சிவப்பை மட்டும் பார்ப்பது, நான் மஞ்சளை மட்டும் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டோம். அருகிலிருந்த குதிரைத் தரகர், விலை பேசும்போது விரல்களை மறைக்கும் தம் துண்டை வீசினால் தொடக்கம், மறுபடி வீசினால் நிறுத்தம். முதல் முறை சிவப்பு நாற்பத்தைந்து, மஞ்சள் முப்பது. இரண்டாம் முறை முப்பத்தாறு, இருபத்து நான்கு. கொழுந்தனார் மூன்றாம் முறையும் கேட்டார். நாற்பத்திரண்டு, இருபத்தெட்டு.

"இந்தத் துண்டுக்கு அடியில எத்தனையோ கணக்கு நடந்திருக்குதுங்க. இப்படி ஒண்ண நான் பாத்ததில்லீங்க" என்றார் தரகர்.

"மூணுக்கு ரெண்டுதானுங்க" என்று கொழுந்தனார் மெதுவாக ஒப்புக்கொண்டார். எண்களைக் குறித்துக்கொண்டிருந்த பென்சில் நின்றது. "ஆனா நங்கையா, வேகமான கை வலதுன்னு எழுதியிருந்தீங்களே? சிவப்பு அந்தப் புள்ளயோட இடது கையிலல்ல இருக்குது?"

"வலதுதான்" என்றேன். நஞ்சம்மாளைச் சிவப்புக் கையைத் தூக்கச் சொன்னேன்.

"இது பீச்சாங்கைங்க. எனக்குப் பொறந்ததுலயிருந்து இதுதான் வேகம்" என்று தூக்கிக் காட்டினாள். இடதுதான்.

என் கான்வென்ட்டில் மதர் எங்களைப் பார்த்து நின்றுகொண்டுதான் டிரில் நடத்துவார். "ரைட்" என்று சொல்லித் தம் இடது கையைத் தூக்குவார், நாங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பின்பற்றுவதற்காக. எதிரில் நிற்பவரின் இடது கையை வலது என்று அன்று பழகியவள், இத்தனை வயதுக்கும் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. பிழை என்னுடையது, பிழை கண்ணில் இல்லை.

கொழுந்தனார் விடவில்லை. "இடது வலது தெரியாதவங்க எந்த பிளாட்பாரத்துல போயி ஏறுவீங்க?"

"பிளாட்பாரம் என்னைப் பார்த்து நின்னு டிரில் பண்றதில்லை."

தரகர் துண்டை வாயில் வைத்துச் சிரித்தார். கொழுந்தனாரும் சிரித்துவிட்டார். ஆனால் பஸ் ஏறும்போது, "அந்த மாஸ்டரே சரின்னு எழுதட்டுங்க. அப்புறம் நான் குறுக்க வரமாட்டேன்" என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பகல் பன்னிரண்டுக்குமுன் போய்ச் சேருங்கள். பிறகு புழுதியில் பந்து தெரியாது. குடையும் குடிதண்ணீரும் கொண்டுபோங்கள். திரும்ப வருவதற்கு மாலை நான்கு மணி பஸ்ஸை நம்புங்கள், ஐந்தரை மணி பஸ்ஸை நம்பாதீர்கள். எண்ணுவதானால் இருவராகப் போய், சுற்றுபவருக்குப் பின்னால் நில்லுங்கள். அங்கே அவருடைய இடது உங்களுக்கும் இடதுதான். வேகம் ஒத்துப்போகாத இரண்டு கைகள் ஒரே உடம்பில் எத்தனை அமைதியாக வேலை செய்கின்றன என்பதை அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்கலாம். நான் நான்காம் முறை எண்ணாமல் அதை மட்டும் பார்த்தேன்.

சேலம் மாஸ்டர் அவர்களுக்கு: இடது மூன்று, வலது இரண்டு, மூன்று முறை எண்ணி, இருவர் பார்த்தது. அடுத்த பயணமாக மேட்டுப்பாளையம் போக நான் பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். எண்ணிக்கையை ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லையா என்பதை ஒரு தபால் கார்டில் எழுதி, இந்தப் பத்திரிகையின் விலாசத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.