ரெஜினா சிஸ்டர் கேட்ட சங்கீதம்

மூர்த்தி தன் கேசட் கடையைப் பாதியில் சாத்திவிட்டு சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை அறையின் வாசலில் நின்றுகொண்டு, "குமாரு, சிஸ்டர் போயிட்டாங்க" என்றான்.

"எப்போ ஃப்ளைட்டு? சொல்லவே இல்லையே" என்று கேட்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் ஒருவர் போய்விட்டார் என்றால் பிரான்சுக்குப் போயிருப்பார் என்றுதான் முதலில் தோன்றும். பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கும் சிஸ்டரின் அண்ணன், வைத்தியத்துக்காக அவரை அங்கே அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். மூர்த்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

ரெஜினா சிஸ்டரை உங்களில் பலர் வார்டில் பார்த்திருப்பீர்கள். ஒல்லியான உருவம், வேகமான நடை. ஊசி போடும்போது பேச்சுக் கொடுத்து வலியை மறக்கடிப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறமாட்டார். அவர் உலகத்திலேயே மிக வேகமான, மிக உரத்த பாட்டுகளைக் கேட்கிறவர் என்பது எங்கள் இரண்டு பேரையும் அவர் வீட்டாரையும் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பத்தைந்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு வேளையில் அவர் காதில் ஹெட்ஃபோனோடு தயிர்சாதம் சாப்பிடுவதைப் பார்த்தேன். தேவகானம் கேட்கிறார் என்று நினைத்து, "என்ன சிஸ்டர், மாதா பாட்டா?" என்றேன். ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். கிடாரா, இரும்புப் பட்டறையா என்று தெரியாத ஓர் ஓசை உள்ளே புகுந்தது. பதறிக் கழற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "முழுசா கேளு. கேட்டுட்டு அப்புறம் பேசு" என்றார்.

அவருக்கே அது தற்செயலாகத்தான் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுப் பாட்டு கேசட் அனுப்பச் சொல்லி அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அண்ணனுக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்காரன் கையில் கொடுத்ததையெல்லாம் வாங்கி அனுப்பிவிட்டார். அந்தப் பொட்டலத்தில் த்ராஷ் மெட்டல் என்கிற அதிவேக ராக் இசை கேசட் ஒன்றும் இருந்தது. "மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு குமாரு. இது ஒண்ணுதான் தூங்க விடல" என்பார். அதன் பிறகு அண்ணனிடம் அந்த மாதிரிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கேசட் பதிவுசெய்யும் கடை வைத்திருந்த மூர்த்தி எங்கள் மூவருக்கும் நகல் எடுத்துத் தருவான். குருசுக்குப்பத்தில் சிஸ்டரின் வீட்டு முன்னறையில், ஞாயிறு மாலைகளில், கடல் இரைச்சலுக்கு மேலே இந்த இரைச்சலை வைத்துக் கேட்போம்.

ஒவ்வொரு ஆல்பத்தைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒரு ஜெர்மன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. ரெக்கார்டிங் படுமோசம். பாத்திரக்கடைக்குள் மாடு புகுந்த மாதிரி இருக்கிறது என்றேன். டிரம்மர் தாளம் தப்பி ஓடிக்கொண்டே இருந்தான். "ஓடட்டும். அவனுக்கு அவசரம். பொய் சொல்றவனுக்கு இவ்ளோ அவசரம் வராது" என்றார் சிஸ்டர். குடலையும் மண்டையோட்டையும் அட்டையில் வரைந்துகொண்டு வந்த ஓர் ஆல்பத்தைப் பாதியிலேயே நிறுத்தினார். பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அது ஒன்றைத்தான். "இவனுங்க யாரும் ஒரு நாள் கூட வார்டுல நின்னது கிடையாது. ரத்தத்துக்கு ஒரு வாடை இருக்கு. அது இந்தப் பாட்டுல இல்ல."

இன்னோர் ஆல்பம், அரை மணிக்குள் முடிந்துவிடும். கேசட்டின் இரண்டு பக்கத்திலும் அதையே பதிந்திருப்பார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறான் என்று அதைக் கொண்டாடுவார். ஆனால் அதன் முதல் பாட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்காமல் முன்னே ஓட்டிவிடுவார். யுத்த காலத்தில் கைதிகளை அறுத்துச் சோதனை செய்த ஒரு டாக்டரைப் பற்றிய பாட்டு. அந்தக் கிடார் மாதிரி இன்னொன்று கிடையாதே என்று மூர்த்தி கெஞ்சுவான். "கிடார் நல்ல கிடார்தான். நாளைக்குக் காலைல நான் ஒருத்தர் உடம்பைத் தொடணும் மூர்த்தி. அந்த ஆளை மனசுல வச்சிக்கிட்டு என்னால தொட முடியாது."

அவருக்கு பிரான்சிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே தபால் இலாகாவில் வேலை, லீவில் வந்திருந்தார். இந்த ஊரில் அப்படி ஒரு சம்பந்தம் கதவைத் தட்டினால் தெருவே வந்து திறக்கும். பெண் பார்க்க வந்தவர் அலமாரியில் அடுக்கியிருந்த கேசட்டுகளைக் கண்டார். "அங்க இதெல்லாம் ஊர் சுத்தற பசங்க கேக்கறது. இதையெல்லாம் விட்டுட்டுத்தான் வரணும்" என்றாராம். சிஸ்டர் கோபப்படவில்லை. "ஒரு பக்கம் மட்டும் உக்காந்து கேளுங்க. அப்புறம் பேசலாம்" என்று டேப்பை ஓடவிட்டார். இரண்டாவது பாட்டிலேயே மாப்பிள்ளை எழுந்து வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார்.

"பாட்டுக்காகவாடி பிரான்ஸை விட்டே?" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து டேப் ஓடினால் அம்மா ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு சமையலறைக்குப் போய்விடுவார். எங்களுக்குக் காப்பி மட்டும் வந்துவிடும், முகம் வராது. நானும் ஒருநாள் சிஸ்டரிடம் அதையே கேட்டேன். "பாட்டுக்காக இல்ல குமாரு. கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்திருந்தாரு. நாளைக்கு நான் ஏதாவது சொன்னாலும் அப்படித்தானே கேப்பாரு" என்றார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தார். விட்டு விட்டு வந்தது. ரத்தம் எடுத்து எங்கள் அறைக்கு அனுப்பினார்கள். மைக்ராஸ்கோப்பில் நான்தான் பார்த்தேன். இருக்கக்கூடாத வெள்ளையணுக்கள், பார்க்கும் இடமெல்லாம். இன்னொரு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். பெயரைச் சரிபார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

அவரே படியேறி வந்துவிட்டார். "எப்படி இருக்கு?"

"டாக்டர் பாத்துட்டுச் சொல்வாரு சிஸ்டர்."

"நீ ரெண்டு பாட்டு கேட்டுட்டே மொத்த ஆல்பத்துக்கும் தீர்ப்பு சொல்ற ஆளு. இன்னிக்கு மட்டும் டாக்டருக்குக் காத்துக்கிட்டிருக்கியா?"

நான் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். ஊசி போடுவதற்கு முன் நோயாளிகளின் தோளில் வைப்பாரே, அப்படி. "சரி விடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கடைசி மாதங்களில் ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது டேப் ரெக்கார்டர்மேல் துணி போட்டு மூடியிருந்தது. சிஸ்டரின் தலையில் முடி இல்லை. ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார். "தாங்க முடியல குமாரு. மண்டைக்குள்ள இடிக்குது. எடுத்துட்டுப் போயிடுங்க எல்லாத்தையும்" என்றார். அப்புறம் சற்று நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இதெல்லாம் சாவைப் பத்தின பாட்டுன்னு இத்தனை நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன். இல்ல. நல்லா சாப்பிட்டு, தெம்பா இருக்கறவங்க போடற சத்தம் இது. சாவு இப்படி இல்ல. ரொம்ப மெதுவா இருக்கு."

மூர்த்தி கேசட்டுகளை எடுப்பதற்காக எழுந்தான். அப்போது சமையலறையிலிருந்து அம்மா வந்தார். "எதையும் எடுக்காதீங்க தம்பி" என்றார். டேப் ரெக்கார்டர்மேல் இருந்த துணியை அவரே எடுத்தார். "இந்தச் சனியனை வைடின்னு நானே சொல்றேன், வேணாங்கறா. வீடு ஓஞ்சு கெடக்கு. இது பாட்டுக்கு ஓடட்டும். சத்தத்தைக் கம்மி பண்ணிக்கலாம்."

சிஸ்டர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையாட்டினார். எந்த கேசட் என்று அம்மாவுக்குத் தெரியாது. கைக்கு வந்ததைப் போட்டார். பக்கத்து அறையில் யாரோ சண்டை போடுவது போல அது மெல்ல ஓடியது. அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டார். ஜன்னல் திறந்தே இருந்தது. பாட்டு முடிந்ததும், "இவன் எதுக்குடி இப்படிக் கத்துறான்?" என்றார். சிஸ்டர் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அடக்கத்தன்று நல்ல மழை. அண்ணன் மறுநாள்தான் வந்து சேர முடிந்தது. கல்லறையில் சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் மூர்த்தி மண் போட்டான், நானும் போட்டேன். கேசட்டுகள் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. அம்மா கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது, முடியாமல் நின்றுபோன ஒரு வாக்குவாதம். நோய் வருவதற்கு முன் கடைசியாக வந்த ஆல்பம் அது. பெரிய குழு ஒன்று, கீழ்ச்சுருதியில் வாசிக்கும் தங்கள் பாஸ் கிடார்காரர் இறந்த பின், புது ஆளை வைத்துச் செய்த ஆல்பம். அதில் பாஸ் கிடார் இருக்கிறதா என்றே தெரியாது; அவ்வளவு அடங்கிக் கிடக்கும். ஒலிப்பதிவு செய்தவன் வேலை தெரியாதவன் என்பது என் கட்சி. "அப்படி இல்ல குமாரு. செத்தவன் எடத்துல இன்னொருத்தனை உக்கார வச்சிட்டாங்க. ஆனா இந்தப் புது ஆளு சத்தத்தைக் கேக்கறதுக்கு இவங்களுக்கு இன்னும் மனசு வரல" என்றார் சிஸ்டர். ஒலிப்பதிவுக் கோளாறுக்கு இப்படி ஒரு வக்காலத்தா என்று அன்று சிரித்தேன்.

போன வாரம் வார்டில் அவருடைய இடத்துக்குப் புது சிஸ்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். நல்ல பெண். என் அறை வாசலில் நின்று ஏதோ கேட்டார். உதடு அசைந்தது தெரிந்தது. அவர் இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.