கல்லுக்குள் கேட்ட துடிப்பு

பேய், மாடன் என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டே படியுங்கள்.

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்திய வருஷம். மயிலாடியில் நானும் அக்கா புருஷனும் ஒரே பட்டறையில் சிலை கொத்தினோம். ஆறு மாதமாக அத்தானுக்குக் குரல் கம்மிவிட்டது, தோள்பட்டைகளுக்கு நடுவே வலி, சோறு தொண்டையில் இறங்கவில்லை. கல்தூசி என்றோம். கல் கொத்துகிறவனுக்கு எது வந்தாலும் எங்களுக்கு அது கல்தூசிதான்.

அன்று காலை நந்திக்கு வந்த கல்லைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் மொத்தையாக வரும், கல்லுக்குள் தேரை இருக்கிறது என்போம், அதில் சாமி கொத்த மாட்டோம். இந்தக் கல் மணி மாதிரி ஒலித்தது. இருந்தாலும் காதை வைத்தேன், நம்பினால் நம்புங்கள், உள்ளே ஏதோ துடித்தது.

நிமிர்ந்தால் எதிரே அத்தான், மேல்சட்டை இல்லாமல், கல்லைப் புரட்டக் கடப்பாரையோடு நிற்கிறார். அவர் நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் தோல் அதே தாளத்தில் எழும்பித் தணிந்துகொண்டிருந்தது. கடப்பாரையைப் பிடுங்கி வீசிவிட்டு அவர் நெஞ்சில் காதை வைத்தேன். அதே சத்தம்.

"அத்தான், ஒங்களுக்க நெஞ்சுக்குள்ள தேரை இருக்கு."

"ஏலே, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?" என்றார் அந்த உடைந்த குரலில்.

அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், மூத்ததற்கு ஏழு வயது. அது மட்டும்தான் என் மனதில் ஓடியது. அவர் திட்டத் திட்ட பஸ்ஸில் ஏற்றினேன். மிஷன் ஆஸ்பத்திரியில் என்ன வியாதி என்று டாக்டர் கேட்டபோதும் வாயில் தேரைதான் வந்தது. நர்ஸ் சிரித்தாள், டாக்டர் சிரிக்கவில்லை. அத்தானின் இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் நாடி பிடித்தார், இடது கையில் மெலிந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, இன்று பாரம் தூக்கியிருந்தால் வெடித்திருக்கும் என்றார். இந்த அளவு வீக்கம் என்று முஷ்டியை மடக்கிக் காட்டினார்.

மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து வீக்கத்தைச் சுற்றிக் கட்டினார்கள். நாலாம் மாதம் அத்தான் தன் காலாலேயே நடந்து பட்டறைக்குள் வந்தார். அக்கா தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள். டாக்டருக்கு முன்னால் கண்டுபிடித்தவன் நான், மூன்றாம் வகுப்பு தாண்டாத கல்தச்சன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அந்தக் கல்ல ஒடச்சிப் பாப்பமா?" என்றார் அத்தான். குரல் மட்டும் சரியாகவே இல்லை.

உடைத்தோம். நடுவே ஒரு பொந்து, காலி. அத்தான் முஷ்டியை உள்ளே வைத்தார், கச்சிதமாகப் பொருந்தியது. நானும் கை வைத்தேன். மார்கழிக் காலையில் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

இருந்தது போய்விட்டது, நல்லதுதான். ஆனால் போக வழி வேண்டுமே. அந்த இரண்டு துண்டும் இன்னும் என் வீட்டுப் பின்புறம் கிடக்கின்றன, எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். நாங்கள் உடைத்த இடத்தைத் தவிர, வெளியே வர ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை.