தண்ணீர் மணி

மும்பை தாராவியில் என் தங்கை படித்த பள்ளியில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக ஒரு மணி அடிப்பார்கள். அடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் பாட்டிலைத் திறந்து குடித்தாக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியை இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அம்மா மாதுங்காவில் வீட்டு வேலைக்குப் போகிறவள். அதனால் கூட்டங்களுக்கு நான்தான் ஐரோலி ஆபீசில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போவேன். அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏழாம் வகுப்புக்கு என் தங்கைதான் தண்ணீர் லீடர். சட்டையில் நீல பேட்ஜ் வேறு. யார் பாட்டில் காலியாகவில்லை என்று பார்ப்பது அவள் வேலை.

மழை ஓய்ந்த சமயத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் கல்லிச் சந்து முனை டாக்டரின் மாத்திரையில் விட்டது, மறுபடி வந்தது. கடைசியில் முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, சிறுநீரகத்தில் கிருமி ஏறி நாளாகிவிட்டது என்றார். பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா, அடக்கி அடக்கி வைக்கிறாளா என்று இந்தியில் அதட்டினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் தண்ணீர் லீடர் என்றேன். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் போனபிறகு மெதுவாகச் சொன்னாள். "பொம்பளப் பிள்ளைக யாருமே குடிக்க மாட்டோம்க்கா. மணி அடிச்சா வாயில வச்சிட்டு ஜன்னல் வழியா ஊத்திருவோம். நாந்தான் மொதல்ல ஊத்துவேன்."

"ஏம்ட்டி?"

"சண்டாஸ் கதவுல தாப்பா கெடையாது. ஒருத்தி ஒண்ணுக்கு உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிக்கணும். ரெண்டு பேரா போவக்கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க. ஜோடியாப் போனா கத பேசிட்டு நிப்போமாம். எதுத்தாப்ல பயலுவ கிளாஸு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பொதுக் கழிப்பறை வரிசையை நினைத்தே தாகத்தை அடக்கிப் பழகியவர்கள் எங்கள் கல்லிப் பெண்கள். வேலை பார்க்கும் வீடுகளில் அம்மாவைக் கழிப்பறைப் பக்கம் விடமாட்டார்கள். பகல் முழுக்க அவளும் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லலாம் என்றே தங்கைக்குத் தெரியாது.

மறுநாள் காலை பள்ளிக்குப் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். தலைமை ஆசிரியை கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தாழ்ப்பாள் உடைந்தது அவருக்குத் தெரியும். ஜோடியாகப் போகக்கூடாது என்று சொன்னதும் அவர்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஆசிரியைகளின் கழிப்பறை மாடியில் இருக்கிறது, பூட்டு சாவியோடு.

"ஒரு பிள்ளகூட வந்து சொல்லலியேம்மா," என்று கண் கலங்கினார்.

"அது சொல்லக் கூச்சப்படுற வயசு மேடம். நீங்களும் அதத் தாண்டித்தான வந்திருக்கீங்க?"

உடனே கடைக்கு ஆள் ஓடியது. நான் அங்கேயே நின்றேன். எனக்குக் கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் தாழ்ப்பாளை முடுக்கி முடித்துவிட்டார்கள். நான் அந்த டீயைக் குடிக்கவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் வலது சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டது, அது இனிமேல் பழையபடி வேலை செய்யாது என்றார். மற்றதை வைத்துக்கொண்டு கவனமாக இருக்க வேண்டுமாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"தாப்பா போட்டாச்சுட்டி," என்று மட்டும் சொன்னேன்.

"யாரு போட்டா?"

"ஸ்கூல்லதான். நான் போய்க் கேட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"கேட்டாப் போட்டுருவாங்களாக்கா?" என்றாள்.