திருப்பதி கண்காட்சியில் என் காதுக்கு நடந்த சோதனை

காலை 8.10. நகரியில் திருப்பதி பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தனியாகப் போகிறவனுக்கு அது ஒன்றுதான் சௌகரியம்.

வழியில் புத்தூர். அங்கேதான் மகள் வீட்டில் இரண்டு மாதமாக என் மனைவி சரோஜா இருக்கிறாள். "கூப்பிட்டா ஏன்னு கேக்காத மனுசனோட இன்னா குடும்பம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவள். அவள் கூப்பிடவே இல்லை என்பது என் கட்சி. நாலைந்து வருடமாக அவள் வீட்டில் வாயே திறப்பதில்லை. ரயில் அங்கே நின்ற இரண்டு நிமிடமும் நான் எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீறாப்புக்கு என்னிடம் பஞ்சமில்லை.

9.50. திருப்பதி. ஷேர் ஆட்டோக்காரர் "மலைக்கா சாமி?" என்றார். ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி, அங்கே அறிவியல் கண்காட்சிக்கு என்றேன். "திருப்பதிக்கு வந்துட்டு எக்ஸிபிஷனா?" என்று கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இருபது ரூபாய்.

அன்றாட வாழ்வில் உயிரியல் என்று தெலுங்கில் பேனர். நுழைவு இலவசம். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், செய்து பார்க்கலாம். மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டுத் தயிர் வைத்திருந்தார்கள். உள்ளே குச்சி குச்சியாக உயிர்கள். அழுக்குக்குப் பதிலாக ஒரு பொடியைத் தடவிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய என் கையை ஊதா விளக்கில் காட்டியபோது நகக்கண்ணெல்லாம் பொடி மின்னியது. அடுத்த மேஜையில் எதிரே உட்கார்ந்தவர் கண்ணில் டார்ச் அடித்து, கண்பாப்பா சுருங்குவதைப் பார்க்க வேண்டும். என் எதிர் நாற்காலி காலி. பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்ததால் டார்ச்சை வைத்துவிட்டு எழுந்தேன். அந்த இடத்தில் வெட்கமாக இருந்தது.

11.40. காது சோதிக்கும் கண்ணாடி அறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே மெஷின் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். பொறுப்பாளர் அவர்தான். நான் டக் டக்கென்று அழுத்தினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். நகரி என்றதும் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறினார்.

"நடுவுல நான் சத்தமே குடுக்கலங்க. அதுக்கும் அழுத்தினீங்க. எப்பிடி?"

"நீங்க ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினீங்களே."

"வாய்க்குள்ளதான் எண்ணினேன், சத்தமே வரல. நீங்க பவர்லூம் தறி ஓட்டறவரா?"

முப்பத்திரண்டு வருடம் என்றேன். தறி ஓடும் கொட்டகையில் யாருக்கும் எதுவும் கேட்காது. நாங்கள் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசுவோம். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டிருந்தது.

அந்த அம்மா என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். நான் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று நினைத்தபோது அவர் என் தோளைத் தொட்டார். சோதனை முடிந்திருந்தது.

எதிரே நின்று நிதானமாகச் சொன்னார்: "சன்னமான சத்தம் உங்களுக்குக் கேக்கல. பொம்பளைங்க, பசங்க பேசறது பாதி விழாது. எதிர்ல பேசினா உதட்ட வச்சி சமாளிச்சிக்கினு இருக்கீங்க. காது டாக்டர்கிட்ட காட்டுங்க. வூட்ல யாரும் சொல்லலியா?"

"வூட்ல அவ பேசறதே இல்லிங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. சரோஜா பேசுவதெல்லாம் அடுப்பைப் பார்த்தபடிதான். எத்தனை வருடம் அந்த அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டாளோ! அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

மாலை 4.05. திரும்பும் ரயில். நகரிக்கு டிக்கெட் எடுத்தவன் புத்தூரில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து மகள் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், நடந்தேன். சரோஜா வாசல் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். பழைய நானாக இருந்தால் அப்போதே திரும்பியிருப்பேன். இன்று கொஞ்ச நேரம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன்.

"சரோஜா, என் மூஞ்சப் பாத்து பேசு. எனக்குக் காது கேக்கல" என்றேன்.

அவள் கை நின்றது. மெல்லத் திரும்பினாள். நான் அவள் உதட்டையே பார்த்தேன்.

"வந்ததுலருந்து மூணு தபா கேட்டுட்டேன், சோறு துன்னியான்னு."

இல்லை என்றேன்.