கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் நின்ற பெரியவர்

போட்டோ எடுக்கிறவளுக்கு வெளிச்சம் கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. ஊரில் பேய்ப்படம் ஓடினால் அது எல்லாவற்றையும்விடப் பெருந்தொல்லை. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து என்று வெளியே போய்ப் படமெடுப்பது என் வீட்டுக்காரர். கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோவும் கம்ப்யூட்டர் வேலையும் பார்ப்பது நான். கவுண்டருக்குப் பின்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் அத்தனை பேருக்கும் என் பாடு புரியும். போட்டோவில் பேய் வருகிற அந்தப் படத்தால் எங்கள் தெருவில் ஒரு கல்யாணமே நின்றுபோயிருக்கும். அதில் பாதிப் பழி என்னுடையது.

தியேட்டரில் பாடம் எடுத்தேன்

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கதை சொல்லிப் பயமுறுத்தியதால் நாங்களும் ஒரு மதியக் காட்சிக்குப் போனோம். கதாநாயகியை யார் போட்டோ எடுத்தாலும் அவள் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கறை. அடுத்த போட்டோவில் கறைக்கு முடி முளைக்கிறது. அதற்கடுத்ததில் முகம். கடைசியில் கரண்ட் போய்விட, அவள் இருட்டில் ஃபிளாஷ் அடிக்க அடிக்க, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அது ஓரடி கிட்டே வருகிறது. தியேட்டரே அலறியது.

எனக்கோ தொழில் புத்தி. "இது ஷட்டர் மெதுவா வச்சா வாரதுதான். அது லென்ஸ்ல யாரோ வெரல வச்சிருக்கான். ஃபிளாஷ் இப்படி விடாம அடிக்காது, சார்ஜ் ஏற நேரம் வேணும்லா" என்று வீட்டுக்காரர் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யக்கா, டிக்கெட் எடுத்தது பயப்படத்தான். கொஞ்சம் பயப்பட விடுதியளா?"

தோளில் ஒரு கை

எங்கள் தெரு மகளிர் சங்கத்துக்கு எடுத்த குரூப் போட்டோவை வாங்கிப் போனவர்கள் மறுநாளே படையாகத் திரும்பி வந்தார்கள். தலைவி அக்காவின் தோளில் ஒரு கை இருக்கிறது, கைக்கு ஆளைக் காணோம். மற்ற நாளாக இருந்தால் மூக்கு சரியில்லை, சேலை நிறம் மங்கல் என்றுதான் குறை சொல்லியிருப்பார்கள். இப்போது ஒவ்வொருத்தியும் தன் இரண்டு கையையும் போட்டோவில் தொட்டுக் காட்டி, "என் கை இந்தா இருக்கு" என்று சாட்சி சொன்னாள். தலைவி அக்காவுக்கு அன்றிலிருந்தே தோள் கனக்கிறதாம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பெரிய கொண்டைகளுக்கு நடுவே கொஞ்சம் நெற்றி தெரிந்தது. புஷ்பம் அக்கா குட்டை. பின்வரிசையில் எக்கி நிற்பதற்காகத் தலைவி தோளைப் பிடித்திருக்கிறாள். ஆளனுப்பி வரவழைத்தோம். பார்த்தவள் கோபப்படவெல்லாம் இல்லை.

"பத்து வருஷமா சங்கத்துல இருக்கேன். பேயத் தேடினப்பதான் என்னையப் பாத்திருக்கிய."

என் கைவேலை

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். காலமான அப்பாவோ தாத்தாவோ இல்லாமல் கல்யாண ஆல்பம் நிறையாது. பழைய போட்டோவிலிருந்து அவரை வெட்டியெடுத்து, சற்றே மங்கலாக்கி, மணமக்களுக்குப் பின்னால் ஆசீர்வாதம் செய்கிற மாதிரி நிறுத்திக் கொடுப்பேன். இந்தத் தெருவில் நான் திரும்பக் கூட்டிவராத பெரியவர்கள் குறைவு.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள் செல்வராணி. அவள் மகள் கவிதாவுக்கு நவி மும்பை நெருளில் ஒரு வரன் தகைந்து வந்தது. அதற்குமுன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனைக் கவிதாவுக்கும் பிடித்துவிட்டது. நீலத் திரைக்கு முன்னால் அவளை நிறுத்தி எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு நெருளுக்கு அனுப்பினோம். பையனின் அம்மா முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் தியேட்டரில் அந்தப் பேய்ப்படத்தைப் பார்த்திருக்கிறார். போட்டோவை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பொண்ணு பின்னால ஒரு ஆம்பள நிக்கான், எங்களுக்கு இது வேண்டாம்" என்று போன் செய்துவிட்டார்.

செல்வராணி இன்னொரு பிரிண்டைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். உண்மைதான். திரை மடிப்புக்குள் மீசை வைத்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். பிரிண்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். அப்புறம்தான் ஆள் பிடிபட்டது. பலசரக்குக் கடை அண்ணாச்சியின் காலமான அப்பா. போன வாரம் அண்ணாச்சி வீட்டு ஆல்பத்துக்காக அவரைக் கம்ப்யூட்டரில் அந்த நீலத் திரைப் பின்னணிமேல் நிறுத்தியதும் நான், எடுக்க மறந்து அதையே கவிதாவுக்கும் போட்டதும் நான். வெட்கத்தைவிட்டுச் சொன்னேன். செல்வராணி விடவில்லை.

"பேயின்னாக்கூட மந்திரிச்சு விட்டுருவேன், மைனி. ஒங்க மறதிய என்ன செய்ய? நீங்களே நெருளுக்கு வந்து சொல்லுங்க."

நெருளில்

மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு செல்வராணியோடு ரயில் ஏறினேன். பையனின் அம்மா, புருஷன் இறந்த பிறகு தனியாளாகக் கடை நடத்துகிறவர், கறாரான மனுஷி. போட்டோவை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். "தப்பு எம்மேல, பொண்ணுமேல ஒண்ணுமில்ல" என்று சொல்லி கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒரு தட்டு தட்டினேன், பெரியவர் போனார். இன்னொரு தட்டு, வந்தார். "ஏ தோ எடிட்டிங் ஹை, அம்மா. வெறும் எடிட்டிங்தான்" என்று பையன் சிரித்தான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா செய்யுங்க" என்றார். செய்தேன். "இவுக போயி எத்தன வருஷம்?" என்றார். "பன்னெண்டு" என்றேன். சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். செல்வராணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்தவர் கையில் பழைய அடையாள அட்டை ஒன்று இருந்தது. அதில் தபால்தலை அளவுக்கு ஓர் ஆணின் படம். அதை என் முன்னால் வைத்தபோது அவருக்குக் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

"கவிதாவ எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணப் போட்டோவுல எங்க வீட்டுக்காரரையும் கொண்டாந்திருங்க. ஆனா பின்னால வேண்டாம், எம் பக்கத்துல நிப்பாட்டுங்க. பின்னால நின்னாத்தான் பேயிங்காக."

இப்போது எங்கள் கடையில் காலமானவர்களுக்குத்தான் கிராக்கி. உயிரோடு இருக்கிறவர்கள் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.