சுசீந்திரத்துக்கு வந்த ஜெனரல்

சுனாமிக்கு மறுவருஷம், சுசீந்திரம் கோயில் வாசலில் எங்களை ஒதுக்கி நிறுத்தியிருந்தது போலீஸ். கழற்றிய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் எரிச்சலோடு நின்றேன். ஏதோ ஒரு நாட்டை ஆளும் ராணுவக் குழுவில் இரண்டாம் இடத்திலிருந்த ஜெனரல் சாமி கும்பிட வந்திருந்தார். படமெடுக்க செல்போனைத் தூக்கியவனின் கையை ஒரு போலீஸ்காரர் தட்டிவிட்டார். அதன்பிறகு யாரும் அசையவில்லை.

"யாரா இருந்தாலும் சட்டையைக் கழத்திட்டுதான் உள்ள போணும்," என்றார் கோயில் காவலாளி. மொழிபெயர்ப்பாளர் அதை ஜெனரலின் காதில் சொன்னார்.

ஜெனரல் இரண்டு பொத்தான்களை அவிழ்த்தார். உள்ளே குண்டு துளைக்காத கவசம் தெரிந்தது. வெறும் உடம்போடு நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

பக்கத்தில் நின்ற என் நண்பன் சிரிக்காமலே சொன்னான்:

"சட்டைகூட இல்லாத நம்மளப் பாத்துல்லா மக்கா பயந்துட்டாரு!"